கால் எழும்பும் பூங்கா

காரைப்பாளையத்துச் சின்னாண்டி ஏரியைத் தூர் வாரி, கரையைச் சுற்றி நடைபாதை போட்டு, வாய் பிளந்த பென்குயின் குப்பைத்தொட்டிகள் பதினாறை வரிசையாக நிறுத்தி, ஊர்ப் பெயருக்கு முன்னால் ஆளுயரச் சிவப்பு இதயம் ஒன்றையும் நட்டு, நகராட்சி பூங்காவைத் திறந்த மூன்றாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு, கூட்டுறவுச் சங்கத்து எழுத்தர் ஒருவர் வேர்க்கடலைப் பொட்டலத்தைத் தின்று முடித்து, கையைத் தட்டிவிட்டு, நாமக்கோழிகள் தண்ணீரில் முங்கி எழுவதைப் பார்த்துக்கொண்டே, கல் பெஞ்சை விட்டு ஒரு சாண் உயரம் எழும்பினார்.

பக்கத்து பெஞ்சுக்காரர், "ஏனுங்க, செருப்பு கீழ கெடக்குதுங்க" என்றார். எழுத்தர் குனிந்து பார்த்தார், வெட்கப்பட்டார், இறங்கினார், செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

முதல் சம்பவம் அவ்வளவுதான். இதை மிதப்பது என்று சொல்கிறவர்கள் உண்டு. மிதக்க வேண்டுமானால் அடியில் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும், ஆகவே எழும்புவது என்றே இங்கே வைத்துக்கொள்வோம். மறுவாரம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. கூட்டம் பார்த்ததால் ஒருவரும் எழும்பவில்லை. பார்த்துப் பார்த்துச் சலித்த கூட்டம் தன் பாட்டுக்கு உட்கார்ந்து மருமகள்களைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேச ஆரம்பித்ததும், பேசிய வாக்கிலேயே மொத்தமும் எழும்பியது. அப்போதுதான் ஊருக்கு விஷயம் பிடிபட்டது. யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்கிற நினைப்பு எவருக்கு அற்றுப்போகிறதோ அவர் எழும்புவார். நினைப்பு திரும்பியதும் இறங்குவார். ஏன் அந்த ஏரிக்கரையில் மட்டும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பதில் கிடைப்பதற்குள் ஊருக்குப் பழகிவிட்டது.

பழகிய ஊர் செய்வதையெல்லாம் காரைப்பாளையமும் செய்தது. காவலாளி ஆறுச்சாமிக்கு நகராட்சி பன்னிரண்டு அடித் தொரட்டி ஒன்று கொடுத்தது. ஆடு மேய்க்கிறவர்கள் வேலமரக் கொப்பை வளைக்கிற அதே நீளக் கம்புதான், நுனிக் கொக்கியில் மட்டும் பழந்துணி சுற்றியிருந்தது. நேரம் முடிந்ததும் அவர் அதை வைத்து மேலே இருப்பவர்களைச் சட்டைக் காலரில் மாட்டி ஒவ்வொருவராக இறக்கினார். வாசலில் பலகை வைத்தார்கள்: ஆறடிக்கு மேல் எழும்பக் கூடாது, கீழே விட்டுச் செல்லும் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. சுண்டல்காரர் நீளக் காம்பு வைத்த கரண்டி ஒன்று அடித்துக்கொண்டார். காலை யோகா வகுப்பு எவ்வளவு மூச்சு இழுத்தும் ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை. பக்கத்தில் சீட்டாடிய நான்கு பேர், சீட்டோடும் சண்டையோடும், தினமும் எழும்பினார்கள். பூனைகள் எப்போதும் எழும்பின, நாய்கள் ஒருபோதும் இல்லை. மூன்று கட்சிக்காரர்கள் தனித்தனியே வந்து, கேமராக்களுக்கு முன்னால் புல்லில் உட்கார்ந்து, மக்களோடு மக்களாக இயல்பாக இருக்கப் பாடுபட்டு, தரையோடு தரையாகத் திரும்பிப் போனார்கள். மூன்றாமவருடைய ஓட்டுநர் மட்டும் கார் பக்கத்தில் பல் குத்திக்கொண்டே இரண்டடி போய்விட்டுத் திரும்பினார்.

பிறகு, எதையும் கல்யாணத்தில் கொண்டுபோய் முடிக்கிற எங்கள் வழக்கப்படி, இதுவும் கல்யாணத்துக்குள் வந்தது. நிச்சயதார்த்தத்துக்கு முன்பு பையனையும் பெண்ணையும் ஏரிப் பூங்காவுக்குக் கூட்டிப்போய், இயல்பாக, அலட்டாமல், இருக்கிறபடி படம் எடுப்பதும், அதைப் பெரிதாக்கி மண்டப வாசலில் வைப்பதும், வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்ப்பதும் வழக்கமாயிற்று. கால் தரைக்கு மேலே இருந்தால் பொருத்தம். அரிசி ஆலைக்காரர் வீட்டு நிச்சயம் நின்றுபோனது இதில்தான். படத்தில் பையன் மட்டும் முக்கால் அடி உயரத்தில், கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிந்துஜாவுக்கும் தரணீதரனுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை தட்டு மாற்றி நிச்சயம் செய்வதாக இருந்தது. பெண் பார்த்த அன்று ஒருமுறை, கோயிலில் ஒருமுறை, இரு வீட்டாரும் சூழ்ந்திருக்க இரண்டே முறைதான் அவர்கள் நேரில் பார்த்திருந்தார்கள். ஆனால் கைபேசியில் நாற்பது நாள் பேசியிருந்தார்கள், நாற்பதாம் நாள் அவன் பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நடித்து மயங்கி விழுந்த கதையைச் சொன்னபோது சிந்துஜா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. அவளுக்கு இவன்தான் வேண்டும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அதற்கு முந்தின வாரம் புதன்கிழமை அவள் வீட்டில் படம் எடுப்பதற்கான ஆலோசனைக் கூட்டம் நடந்தது. பையனின் அம்மா சுலோச்சனா காப்பியை முழுதாகக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, சிந்துஜாவின் அம்மா வசந்தாமணியிடம் சொன்னார்: "சம்பந்தி, நான் மனசுல ஒண்ணு வெச்சுட்டு வெளிய ஒண்ணு பேசமாட்டனுங்க. ஞாயித்துக்கெழம படத்துல ரெண்டு பேரு காலும் தரையிலயே இருந்துச்சுன்னா, வெள்ளிக்கெழமையக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமுங்க."

தள்ளி வைப்பது என்றால் என்னவென்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தள்ளி வைத்த எந்த நிச்சயமும் காரைப்பாளையத்தில் திரும்பி வந்ததில்லை.

ஏற்பாட்டைச் சிந்துஜாவின் பெரியப்பா நாச்சிமுத்து கையில் எடுத்துக்கொண்டார். அவர் பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருடம் டைம்கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாதவர். படம் எடுக்கிற ரபீக்கிடம் அவர் ஒரு தாளை நீட்டினார். அதில் இப்படி இருந்தது: 4.35, பெஞ்ச் ஏழிலிருந்து ஒன்பது வரை பேசிக்கொண்டே நடத்தல். 4.50, எதிர்பாராத சிரிப்பு. 5.05, தேநீர். 5.15, தங்களை மறந்திருத்தல்.

ரபீக் தாளை இரண்டு தடவை படித்தார். "பெரியவரே, எதிர்பாராத சிரிப்புக்கு டைம் போட்டா அது எப்படிங்க எதிர்பாராத சிரிப்பு?"

"போடலைன்னா எப்ப வரும்?"

"அதுவா வரும்."

"அதுவா வந்த பஸ்ஸ நான் முப்பத்தொரு வருசத்துல பாத்ததில்ல தம்பி."

அடுத்து நேரத்தகராறு. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். ஏரிமேல் வெயில் சாய்ந்து முகமெல்லாம் பொன்னாகத் தெரிகிற வெளிச்சமும் சரியாக நாலரை முதல் ஆறு வரைதான். மூன்றரை மணிக்கு எடுத்தால் கண்ணெல்லாம் குழியாக விழும் என்றார் ரபீக். ராகு காலத்தில் எடுத்தால் வாழ்க்கையே குழியில் விழும் என்றார் வசந்தாமணி. கடைசியில் எல்லாக் குடும்பங்களும் கண்டுபிடிக்கிற வழியையே இவர்களும் கண்டுபிடித்தார்கள்: நாலு இருபதுக்கு நல்ல நேரத்தில் பிள்ளையாரை ஒரு படம் எடுத்துவிட்டால் ஆரம்பித்ததாகக் கணக்கு, ஆரம்பித்ததைத் தொடர்வதற்கு ராகு தடை சொல்ல மாட்டார்.

வியாழக்கிழமை காலை, யாருக்கும் சொல்லாமல், சிந்துஜா பூங்காவுக்குப் போனாள். ஏழாம் எண் பெஞ்சில் உட்கார்ந்து ஆகாயத்தாமரைப் பூவுக்குள் ஒரு தேனீ நுழைந்து வழி தெரியாமல் முழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்த்தால் பெஞ்ச் முழங்காலளவு கீழே இருந்தது. சந்தோஷம் தாங்காமல் அவனுக்குச் செய்தி அனுப்பினாள்: நான் தனியா வந்தா ஒரு முழம் எந்திரிக்கிறேன்.

பதில் உடனே வந்தது. நானும் நேத்து வந்து பாத்தேன். ஒன்றரை முழம்.

பிறகு அவன் கேட்டான்: அப்ப கோயில்ல அன்னைக்கு ரெண்டு பேரும் பக்கத்துல நின்னப்ப, எனக்குக் கால் அரை மணு கனத்துச்சு. உங்களுக்கு?

எனக்கும்தான் என்று எழுதிவிட்டு அவள் வீடுவரை நடந்தாள். தனியாக இருந்தால் எழும்புகிற இரண்டு பேர், சேர்ந்தால் தரையோடு அழுந்துகிறார்கள் என்றால் அதற்கு ஊர் என்ன பெயர் வைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரு வீட்டாரும் பதினெட்டுப் பேர், இரண்டு பவானி ஜமக்காளம், ஆறு தூக்குப்போசிப் பலகாரம், ஒரு பிள்ளையார். நாலு இருபதுக்குப் பிள்ளையாரை எடுத்தார்கள். அவர் இயல்பாகவே இருந்தார். நாலு முப்பத்தைந்துக்கு விசில் ஊதினார் நாச்சிமுத்து. இருவரும் பெஞ்ச் ஏழிலிருந்து ஒன்பதுக்கு நடந்தார்கள். புல் நசுங்கியது.

"கேமராவ மறந்துருங்க" என்றார் ரபீக்.

மறந்தார்கள். கேமராவை மறப்பது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. இருந்தும் தரணீதரனின் செருப்பு ஈரமண்ணில் அரை அங்குலம் பதிந்தது.

நாலு ஐம்பதுக்கு எதிர்பாராத சிரிப்புக்கான விசில் வந்தது. இருவரும் பல்லைக் காட்டினார்கள். தேநீர் வந்து சேரவில்லை. ஐந்தேகாலுக்குத் தங்களை மறக்கச் சொல்லி விசில் வந்தது; இருவரும் ஏரியைப் பார்த்து நின்று, ஓரக்கண்ணால் மற்றவர் மறந்தாயிற்றா என்று பார்த்து, பார்ப்பதை மற்றவர் பார்த்துவிட்டதால் சிவந்துபோய், மேலும் கனத்தார்கள்.

ரபீக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மிணி, ஒரு யோசனை. ஸ்டூல் போட்டு நிக்க வெச்சு எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல ஸ்டூல மட்டும் தூக்கிரலாம். நாலு வீட்டுக்குச் செஞ்சிருக்கேன், இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

"வேண்டாங்கண்ணா" என்றாள் சிந்துஜா. "நிச்சயத்துக்கே ஸ்டூல்னா கல்யாணத்துக்கு ஏணி வேணும்."

தரணீதரன் சிரித்தான். அது எதிர்பாராத சிரிப்புதான். நாச்சிமுத்துவின் தாளில் அந்த நேரத்தில் அதற்கு இடமில்லை, கால்களும் எழும்பவில்லை.

ஜமக்காளத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சுலோச்சனா பக்கத்திலிருந்த தூக்குப்போசியைத் திறந்து, வெளியூரார் போளி என்கிற ஒப்புட்டில் ஒன்றை எடுத்துக் கடித்தார். இரண்டாம் கடியில் நிறுத்தினார்.

"பருப்புங்களா சம்பந்தி?"

"ஆமாங்க, பருப்பு ஒப்புட்டுத்தான்" என்றார் வசந்தாமணி.

"எங்கூட்டுல தேங்காய்தானுங்க. பருப்பு ஒப்புட்டு நாங்க செய்யறதில்ல."

"செய்யறதில்லையா, செய்ய வராதுங்களா?"

அதற்குப் பிறகு அந்த இரண்டு ஜமக்காளங்களிலும் நிச்சயம், படம், ராகு காலம் எதுவும் இல்லை. தேங்காய்க்கு ஒன்பது பேரும் பருப்புக்கு எட்டுப் பேரும் ஆயினர். ஓர் இலையில் இரண்டையும் வைக்கலாம் என்ற நடுநிலை நாச்சிமுத்துவுடையது, அதை இரு தரப்பும் வெறுத்தார்கள். வாக்குவாதத்தில் எதிராளியின் கையைப் பிடித்துக்கொள்வது எங்கள் பக்கத்துப் பழக்கம். பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவார் என்கிற பயம். ஆகவே வசந்தாமணி சுலோச்சனாவின் கையைப் பிடித்தார், வசந்தாமணியின் கையைப் பையனின் சித்தி பிடித்தார், சித்தியின் கையைப் பெண்ணின் மாமா பிடித்தார், இப்படியே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கடைசியில் நாச்சிமுத்துவரை போக, பதினெட்டுப் பேரும் ஒப்புட்டு மணக்க ஜமக்காளத்தை விட்டு எழும்பினார்கள், ஒரு சாண், ஒரு முழம், ஆளுயரம், பலகை சொன்ன ஆறடியையும் தாண்டி, ஒருவருக்கும் தெரியாமல்.

ஆவணி மாதம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற மேல்காற்று அந்த நேரத்துக்குத்தான் ஏரியைத் தொடும். அது பதினெட்டுப் பேரையும் மொத்தமாகத் தண்ணீர் பக்கம் தள்ள ஆரம்பித்தது.

காவலாளி ஆறுச்சாமி எதிர்க்கரையில் சீட்டாட்டக்காரர்களை இறக்கிக்கொண்டிருந்தார். "அய்யோ, அம்மா!" என்று கத்தப் போன தரணீதரனின் வாயைச் சிந்துஜா பொத்தினாள்.

"கத்தாதீங்க. நாம பாக்கறது தெரிஞ்சா எறங்கிருவாங்க. எறங்கினா தண்ணி."

அவன் புரிந்துகொண்டு தலையாட்டினான். சங்கிலியின் முதல் கண்ணி சுலோச்சனா, கரைக்கு நேர் மேலே. அவருடைய முந்தானை தோளில் பின் குத்தி நீளமாகத் தொங்கிற்று. மற்ற பதினேழு பேரும் ஏற்கெனவே தண்ணீருக்கு மேலே. சிந்துஜா ஓடி, எம்பி, முந்தானையின் நுனியைப் பிடித்தாள். பிடித்தவளை அது இழுத்தது. தரணீதரன் அவளுடைய இடுப்பைப் பிடித்தான். அவன் அவளை முதல் தடவை தொட்டது அதுதான். இருவரும் குதிகாலை மண்ணில் ஊன்றினார்கள், அரை மணுக் கனம் கனத்தார்கள், சங்கிலி நின்றது.

இழுப்பது பெரிதில்லை. சண்டை ஓயாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிது. ஏனென்றால் மேலே பேச்சு கொஞ்சம் தணிந்திருந்தது, சித்தி எதையோ பார்க்கத் திரும்பினார்.

"அத்தை!" என்று கூப்பிட்டாள் சிந்துஜா, சமையலறையிலிருந்து கேட்பதுபோல. "தேங்காய் ஒப்புட்டுல ஏலக்காய் போடுவீங்களா, சுக்கா?"

"சுக்கா? சுக்கு யாராச்சும் போடுவாங்களா?" என்றார் சுலோச்சனா மேலிருந்து.

"எங்கூட்டுல போடுவோம்!" என்றார் வசந்தாமணி, கோபத்தில் இன்னும் அரையடி போய்.

ஒரு முழம் இழுத்தார்கள். அதற்குள் நாச்சிமுத்து பேச்சை ஒழுங்குபடுத்த எண்ணி விசிலைக் கையில் எடுத்தார். அதை ஊதியிருந்தால் பதினெட்டுப் பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள், உட்கார ஏரிதான் இருந்தது.

"பெரியப்பா!" என்றான் தரணீதரன். "பழனி வண்டி ஒருதடவை பத்து நிமிசம் முன்னாடி வந்துருச்சுன்னு சொன்னாங்களே, நெசமா?"

"எவன் சொன்னது?" விசில் கையிலேயே நின்றது. "மூணு நிமிசம். அதுவும் எண்பத்தொம்பதுல." அவர் அந்த மூன்று நிமிடத்தை முழுசாக விளக்க ஆரம்பித்தார்.

இப்படியே அவர்கள் வெல்லத்தைக் கேட்டு ஒரு முழம், நெய்யைக் கேட்டு ஒரு முழம், மைதாவா கோதுமையா என்று கேட்டு ஒரேயடியாக மூன்று முழம் இழுத்தார்கள். இருவருக்கும் வேர்த்தது, இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த நேரத்தில் ரபீக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேமராவில் வைத்த கண்ணை அவர் எடுக்கவில்லை; இப்படி ஒன்றை இதற்கு முன் பார்த்ததுமில்லை, இனிப் பார்க்கப் போவதுமில்லை என்று நினைத்தபடி தன்னை முற்றிலும் மறந்துபோய், சுழன்று சுழன்று, எல்லோருக்கும் மேலே பத்தடி உயரத்தில் கிளிக் கிளிக் என்று எடுத்துக்கொண்டே இருந்தார்; அவருடைய சட்டை ஒரு வேலங்கொப்பில் சிக்கியிருந்ததால் அவரைப் பற்றிக் கவலை இல்லை.

"உங்களுக்கு மட்டும் ஏன் கால் எந்திரிக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டாள் சிந்துஜா, மூச்சு வாங்க.

"நீங்க பாத்துட்டே இருக்கீங்களே."

"நான் எங்க பாத்தேன்?"

"பாக்கறீங்க. நானும் பாக்கறேன். அத எப்படிங்க மறக்கறது?"

அவள் இன்னும் கொஞ்சம் கனத்தாள். அந்தக் கனத்தில் கடைசி மூன்று முழமும் வந்துவிட்டது.

புல்வெளிக்கு மேல் வந்ததும் இனி யார் பார்த்தால் என்ன என்று தரணீதரன் இரண்டு கையையும் தட்டினான். எல்லோரும் கீழே பார்த்தார்கள். சித்தி இறங்கினார், மாமா இறங்கினார், நாச்சிமுத்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினார், தேநீருக்கு நாற்பது நிமிடம் தாமதம். வசந்தாமணி சேலையைச் சரி செய்தபடி, நடந்தது ஒன்றுமே நடக்காத மாதிரி, ஜமக்காளத்தில் போய் உட்கார்ந்தார்.

சுலோச்சனா மட்டும் இறங்கவில்லை.

அவர் மேலேயிருந்து பார்த்தார். முதலில் ஏரியைப் பார்த்தார், தாம் எங்கிருந்து இழுத்து வரப்பட்டோம் என்று கணக்குப் போட்டார். பிறகு தன் முந்தானை நுனியை இறுக்கிப் பிடித்து வெளுத்துப்போன சிந்துஜாவின் விரல்களைப் பார்த்தார். அவளைப் பிடித்திருந்த தன் மகனைப் பார்த்தார். அவர்கள் நின்ற இடத்தில் நாலு குதிகால் தடம் அரையடி ஆழத்துக்குப் பதிந்திருந்தது. சிந்துஜா நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் அவர் இறங்கவில்லை. ஒருவர் பார்ப்பது தெரிந்தபின்னும் எழும்பியே இருந்தவர் அந்தப் பூங்காவில் அதற்கு முன்பு ஒருவரும் இல்லை.

"அத்தை, எறக்கட்டுங்களா?"

"இரு கண்ணு." அவர் மேற்கே கையை நீட்டினார். "அங்க நீலமாத் தெரியுதே, அது நம்மூட்டுத் தண்ணித் தொட்டியா?"

"இங்கிருந்து தெரியலீங்க அத்தை."

"நம்முளுதுதான். மூடிய எவனோ தெறந்து போட்டுட்டுப் போயிருக்கான் பாரு." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கெழம காலைல நேரத்துலயே வந்துருவோம்னு உங்கம்மாகிட்டச் சொல்லு. தட்டுல தேங்காய் ஒப்புட்டுத்தான் இருக்கும், அதையும் சொல்லு."

"அம்மா கேட்டுட்டுத்தான் இருக்காங்க அத்தை."

"கேக்கட்டும்." காற்று மறுபடி வந்தது, சுலோச்சனாவின் கால் விரல்கள் அதில் மெதுவாக ஆடின. "இன்னும் கொஞ்சம் விட்டுக் குடு கண்ணு. கோயில் கோபுரத்துக்குப் பின்னால என்னமோ தெரியுது, சரியாத் தெரியமாட்டேங்குது."

முந்தானையில் மேற்கொண்டு விட நீளமில்லை. சிந்துஜா தன் துப்பட்டாவைக் கழற்றி முந்தானையின் நுனியில் முடிச்சுப் போட்டாள். முடிச்சு தாங்குமா என்று தரணீதரன் இழுத்துப் பார்த்தான். தாங்கியது. இருவரும் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, கைமாற்றிக் கைமாற்றி, அவரை மேலே விட்டார்கள்.